பனி வந்தால் போதுமா? ஔலியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் வட இந்திய நாளேடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: ஔலியில் இந்த ஆண்டு பனி விழுமா? ஜனவரி இறுதியில் அதற்கான விடை ஒரு புகைப்படமாக வெளிவருகிறது. ஒன்று, வெள்ளைப் போர்வை விரித்த சரிவில் சிவப்புச் சட்டையணிந்த சறுக்கு வீரர். அல்லது காய்ந்து பழுப்பேறிய புல்லின் நடுவே அசையாமல் தொங்கும் நாற்காலிகள். முதற்படம் வந்தால் சுற்றுலா செழித்தது என்றும், இரண்டாம் படம் வந்தால் பருவநிலை மாறிவிட்டது என்றும் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள். பனி விழுந்ததா என்பதைவிட, எப்போது விழுந்தது, எத்தனை நாள் தரையில் நின்றது, விழாத ஆண்டின் இழப்பை யார் சுமக்கிறார்கள் என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அவை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

ஔலி மிகச் சிறிய தலம். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் நகரின் தலைக்கு மேலே, ஏறத்தாழ 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் உயரம் வரை நீளும் புல்வெளிச் சரிவு, அதைச் சுற்றிக் கருவாலி மரங்களும் தேவதாரு மரங்களும், மேலே கோர்சோன் புக்யால் என்னும் உயர்மலைப் புல்வெளி, எதிரே நந்தாதேவி. கட்வால் மண்டல வளர்ச்சிக் கழகத்தின் விடுதி, ஒரு நாற்காலி ரோப்கார், இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம், சில தனியார் தங்குமிடங்கள், அவற்றை நம்பிய தேநீர்க் கடைகள், சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடுவோர், பயிற்றுநர்கள். ஆல்ப்ஸ் மலையின் நடுத்தரத் தலம் ஒன்றின் ஒரு மூலையில் இது முழுவதையும் அடக்கிவிடலாம். ஆயினும் இந்தியாவில் பனிச்சறுக்கு கற்க விரும்பும் ஒருவருக்குக் குல்மார்க்கை விட்டால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஔலிதான்.

இத்தலத்தைக் 'குட்டி ஸ்விட்சர்லாந்து' என்று அழைக்கும் பழக்கம் சுற்றுலாத் துறை வெளியீடுகளில் உண்டு. (இந்தியாவில் ஸ்விட்சர்லாந்து ஆகாத மலையூர் எதுவும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.) இது வெறும் விளம்பரச் சொல் என்று விட்டுவிடக்கூடிய ஒன்றன்று. அந்த ஒப்புமை கொள்கை வகுப்போரின் சிந்தனையிலும் புகுந்துவிட்டது. அது புவியியல் அடிப்படையிலேயே பிழையானது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் பகுதி வடக்கு அட்சரேகை 46 பாகையை ஒட்டி இருக்கிறது. ஔலி 30½ பாகையில். டிசம்பர் 21 அன்று நண்பகலில் ஆல்ப்ஸில் கதிரவன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் நிற்கும். ஔலியில் 36 பாகை. பிப்ரவரி இறுதியில் ஔலியின் நண்பகல் வெயில் 50 பாகையைத் தாண்டிவிடும். காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், இந்த வெயில் பனியின் மேற்பரப்பை உருக்கும். இரவு அதை மீண்டும் உறைய வைக்கும். காலையில் கண்ணாடி போன்ற கெட்டித் தளம், நண்பகலில் கூழ், மாலையில் மறுபடி கெட்டி. இமயத்தின் இந்தத் தாழ்ந்த அட்சரேகையில் சறுக்குச் சரிவுகள் வடக்கு நோக்கி இருந்தாக வேண்டியதன் காரணமும் இதுவே. தெற்கு நோக்கிய சரிவில் விழும் பனி விருந்தாளியைப் போல இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விடும்.

தமிழில் இதைப் பேசும்போது சொல்லளவிலும் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. உதகையில் காய்கறிச் செடிகளைக் கருக்குவதும் பனி. ஔலியில் முழங்காலளவு குவிவதும் பனி. உறைபனி, வெண்பனி என்று அடைகொடுத்துப் பிரித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் புதிதாக விழுந்த பொடிப்பனி, இயந்திரம் உருட்டி இறுக்கிய பனி, உருகி உறைந்த கெட்டிப்பனி, நீர் கோத்த கூழ்ப்பனி என்ற வேறுபாடுகள் அன்றாட வழக்கில் இல்லை. சறுக்குவோருக்கு இவை நான்கும் நான்கு வேறு தளங்கள். நீரியல் ஆய்வாளருக்கோ இவை நான்கு வேறு அடர்த்திகள். புதுப்பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம். அதாவது 10 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் 1 சென்டிமீட்டர் நீர்தான். 'ஒரு அடி பனி விழுந்தது' என்னும் செய்தியிலிருந்து அந்த மலை எவ்வளவு நீரைச் சேமித்தது என்று அறிய வழியில்லை. ஒரே வெண்மைக்குள் இரண்டு வெவ்வேறு கணக்குகள் இருக்கின்றன என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மேற்கு இமயத்தின் குளிர்காலப் பனிக்கு மூலம் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்த அலைகள். நடுநிலக்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளிலிருந்து மேலடுக்குக் காற்றோட்டத்துடன் கிழக்கு நோக்கி நகர்ந்து, வழியில் ஈரத்தைத் திரட்டிக்கொண்டு வந்து இமயத்தில் மோதி அவை மழையையும் பனியையும் கொட்டுகின்றன. ஒரு குளிர்காலத்தில் வலுவான அலைகள் சிலவே வருகின்றன. அவை சற்று வடக்கே விலகிச் சென்றால் அந்த மாதமே வறண்டுவிடும். எனவே பனி பொய்த்த ஓர் ஆண்டைக் கொண்டு பருவநிலை மாற்றம் பற்றித் தீர்ப்புக் கூறிவிட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வு இந்த அமைப்பின் இயல்பு.

ஆனால் வெப்பநிலைக் கணக்கு வேறு. காற்றின் வெப்பநிலை கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது என்று கொண்டால், 1 பாகை வெப்ப உயர்வு உறைநிலைக் கோட்டை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே தள்ளுகிறது. ஔலியின் அடிமுதல் முடிவரையிலான உயரமே 500 மீட்டரை ஒட்டியதுதான். 1 பாகையில் அதன் கீழ்ப்பகுதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. அலை வந்தாலும் அங்கே விழுவது மழையாக இருக்கலாம். ஏற்கெனவே கிடக்கும் பனியின் மீது விழும் மழை, விழாத பனியைவிட மோசமானது. 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வத் முகடு வரை ரோப்கார் செல்லும் குல்மார்க்குக்கு ஏறிச்செல்ல இடம் இருக்கிறது. ஔலிக்கு அந்த வசதி இல்லை.

பின்னோக்கிப் பார்த்தால் இதன் விளைவு தெரிகிறது. 2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் டேராடூனிலும் ஔலியிலும் நடந்தன. அதற்கென ஔலியில் செயற்கைப் பனி இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அவற்றுக்கு நீர் வழங்க ஒரு செயற்கை ஏரியும் வெட்டப்பட்டது. அதன்பின் 2018 ஜனவரியில் நடப்பதாக இருந்த சர்வதேசப் பந்தயம் பனி போதாமையால் நடக்கவில்லை. 2023 பிப்ரவரியில் தேசியக் குளிர்காலப் போட்டிகளும் அதே காரணத்தால் கைவிடப்பட்டன. குல்மார்க்கும் விதிவிலக்கன்று: 2024 ஜனவரியில் அதன் சரிவுகள் வெற்று நிலமாகக் கிடந்த காட்சி நாடெங்கும் பரவியது, 2025இல் பிப்ரவரி 22ஆம் நாள் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதி தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது.

இந்தக் கடைசி நிகழ்வை 'இறுதியில் பனி வந்துவிட்டது' என்று நிம்மதியுடன் பதிவு செய்த செய்திகளே அதிகம். அதே பிப்ரவரி இறுதியின் கடும் பனிப்பொழிவில், 28ஆம் நாள், ஔலி அமைந்துள்ள அதே சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு அப்பால் மானா அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினர். 8 பேர் உயிரிழந்தனர். மாதக்கணக்கில் வறண்டு கிடந்த மலையில் சில நாட்களில் மொத்தமாக இறங்கும் பனி, சறுக்குத் தலத்துக்கு மீட்பாகவும் மேலே சாலையில் பனி அகற்றுவோருக்கு மரணமாகவும் அமையக்கூடும். ஒரு பருவத்தின் மொத்தப் பனியளவை மட்டும் எழுதிவைக்கும் அட்டவணையில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும், அதாவது சீராகப் பெய்த ஆண்டுக்கும் கடைசியில் கொட்டித் தீர்த்த ஆண்டுக்கும், வேறுபாடே தெரியாது.

தாமதமாக வரும் பனி ஈடுசெய்யும் பனியும் ஆகாது. தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஔலிக்கு இக்காலப் பகுப்பைக் கடன் கொடுத்துச் சொல்வதானால், முன்பனிக் காலத்தில் விழும் பனி தாழ்ந்த வெயிலில் இறுகி அடித்தளமாகிறது. அடுத்தடுத்து விழுவதை அது தாங்குகிறது. பின்பனிக் காலத்தில் வெற்றுத் தரையில் விழும் பனிக்கு அடித்தளமும் இல்லை, உயர்ந்த வெயிலிலிருந்து பாதுகாப்பும் இல்லை. காத்மண்டுவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை பனியின் அளவைவிட அதன் நிலைப்பை, அதாவது விழுந்த பனி தரையில் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைக் கணக்கிடுவது இதனால்தான் பொருத்தமானது. இந்துகுஷ்-இமயப் பகுதியில் 2025ஆம் ஆண்டின் பனி நிலைப்பு இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவு. 23 ஆண்டுகளில் மிகத் தாழ்ந்த நிலை என்றது அவ்வறிக்கை. மார்ச் மாதப் புகைப்படங்களை மட்டும் கண்டவர்கள் அந்த ஆண்டை நல்ல பனி ஆண்டு என்றே நினைத்திருப்பார்கள்.

செயற்கைப் பனியே தீர்வு என்போர் உளர். அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. இயந்திரம் பனி தூவுவதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ −2 பாகைக்குக் கீழே செல்ல வேண்டும். இமயத்தின் வறண்ட குளிர்காலத்தில் வானம் தெளிந்திருக்கும், இரவு நன்கு குளிரும், காற்றில் ஈரம் குறைவு. இந்த மூன்றும் இயந்திரத்துக்குச் சாதகமானவை. பெய்ஜிங்கில் 2022ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுமையாகச் செயற்கைப் பனியின் மீதே நடந்தன. எனவே 'ஔலியில் இயந்திரம் வேலை செய்யாது' என்பது தொழில்நுட்ப அடிப்படையில் நிற்கும் வாதமன்று. நிற்கும் வாதம் நீரைப் பற்றியது. ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு இயந்திரப் பனி பரப்பினால் 3,000 கனமீட்டர் பனி வேண்டும். கனமீட்டருக்கு 400 கிலோகிராம் அடர்த்தி எனக் கொண்டாலும் 12 லட்சம் லிட்டர் நீர். அது ஒரு ஹெக்டேருக்கு, ஒரு முறைக்கு மட்டும். பனி பொய்த்த ஆண்டென்பது ஊற்றுகளும் வற்றும் ஆண்டு. இயந்திரத்துக்கு மிகுதியாக நீர் தேவைப்படும் ஆண்டும், மலைக்கிராமங்களுக்கு நீர் மிகக் குறைவாகக் கிடைக்கும் ஆண்டும் ஒன்றே.

அந்த நீர் எந்த மலையில் தேக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவு ஒன்றின் படிவங்கள் மீது அமர்ந்திருக்கிறது என்றும், அங்கே கனத்த கட்டுமானம் கூடாது, பாறைகளைத் தோண்டவோ வெடிவைத்துத் தகர்க்கவோ கூடாது என்றும் 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. நகரம் வளர்ந்தது, நீர்மின் திட்டங்கள் வந்தன, 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கா வெள்ளம் தபோவன் சுரங்கத் தொழிலாளர்களைப் புதைத்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. 12 நாட்களில் 5.4 சென்டிமீட்டர் அமிழ்வு என்று செயற்கைக்கோள் அளவீடு காட்டியது. அந்த அறிக்கை வெளிவந்த வேகத்திலேயே இணையத்திலிருந்து விலக்கப்பட்டது. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குச் செல்லும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ரோப்காரும் அப்போது நிறுத்தப்பட்டது. இந்த அமிழ்வுக்கு ஔலியின் ஏரியோ விடுதிகளோ காரணம் என்று இங்கே வாதிடப்படவில்லை. ஆனால் நிலத்தடிக் கசிவும் முறையான வடிகால் இன்மையும் ஐயத்துக்குரியவையாகத் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட ஒரு மலையின் மேற்சரிவில், நீரைத் தேக்குவதும் பரப்புவதும் பெருக்கப்படுமானால், அதற்கான நிலவியல் ஆய்வு முதலில் பொதுவெளிக்கு வர வேண்டும்.

இன்னும் உயரே செல்வோம் என்பது மற்றொரு பரிந்துரை. உயரே இருப்பவை புக்யால்கள். மேய்ப்பர்களின் கோடைக்கால நிலம் அது. கிழிந்தால் ஆறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும் மெல்லிய மண். 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு முகாம் அமைப்பதையே தடை செய்தது. ஓராண்டு கழித்து, 2019 ஜூனில், ஔலியின் புல்வெளியில் நடந்த ஒரு பெருஞ்செல்வர் வீட்டுத் திருமணம் குப்பை மலைகளை விட்டுச்சென்று அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. கூடாரத்துக்கு ஒரு நீதி, ஹெலிகாப்டருக்கு ஒரு நீதி என்று அப்போது மலைவாசிகள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, 'அப்படியானால் ஔலியை மூடிவிடலாம்' என்ற முடிவுக்குப் பல்கலைக்கழக வட்டாரங்கள் எளிதில் வந்துவிடுகின்றன. கருத்தரங்க அறைகளில் செலவில்லாமல் கிடைக்கும் முடிவு அது. ஜோஷிமட்டின் பொருளாதாரம் யாத்திரைப் பருவத்தைச் சார்ந்தது. நவம்பரில் பத்ரிநாத் நடை சாத்தப்பட்டு, குளிர்கால வழிபாடு கீழே இறங்கியதும் சாலையில் பேருந்துகள் குறைந்துவிடும். மே மாதம் வரை வருமானமற்ற அந்த இடைவெளியை நிரப்பியது பனிச்சறுக்கு. கட்வால் இளைஞர் ஒருவர் டேராடூனுக்கோ தில்லிக்கோ உணவக வேலைக்குப் போகாமல் சொந்த ஊரில் பயிற்றுநராக நிற்க முடிந்தது அதனால்தான். போட்டி ரத்தானால் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு ஒரு கடிதச் செலவு. விடுதிக்கு முன்பதிவு இழப்பு. தினக்கூலிப் பயிற்றுநருக்கும் கட்டை வாடகைக்காரருக்கும் ஆண்டின் வருமானமே இல்லை. பயிர்க் காப்பீடு உள்ள நாட்டில் பனிக்கு அப்படியொரு ஏற்பாட்டைப் பற்றிய பேச்சுகூடத் தொடங்கவில்லை. விளையாட்டு வீரர்களின் நிலையும் இதுவே. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் பங்கேற்ற ஒரே வீரரான ஆரிஃப் கான் குல்மார்க் மலையடிவாரத்தவர். ஆனால் உலகத் தரத்துக்கு உயர அவர் ஐரோப்பியப் பனியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அதற்கு வழியில்லாத கட்வால் சிறுவர்களுக்கு ஔலியில் கிடைக்கும் சில வாரங்களே பயிற்சிப் பருவம்.

செய்யக்கூடியவை பெரிய முதலீடு கோருபவை அல்ல. போட்டித் தேதியை மாதங்களுக்கு முன்பே கல்வெட்டாக்காமல், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை ஒரு சாளரம் வைத்து, பனி நிலை பார்த்துப் பத்து நாள் முன்னறிவிப்புடன் நடத்தலாம். தலைமை விருந்தினரின் நாட்குறிப்பு இதற்கு இடம் தராது என்பதுதான் உண்மையான தடை. ரத்தாகும் ஆண்டில் பதிவு செய்த பயிற்றுநர்களுக்கு ஒரு குறைந்தபட்ச ஊதியத்தைப் போட்டிச் செலவின் ஒரு பகுதியாகவே ஒதுக்கலாம். கட்டைகளை வாடகைக்கு விடுவோருக்கும் அதில் இடம் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அளவீடு வேண்டும். ஐரோப்பாவின் சிறு தலங்களும் அடிவாரத்தில் எத்தனை சென்டிமீட்டர், முகட்டில் எத்தனை, கடைசியாகப் புதுப்பனி எப்போது என்பதை நாள்தோறும் வெளியிடுகின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வு 2,234 ஐரோப்பியத் தலங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, உலக வெப்பம் 2 பாகை உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், அவற்றில் 53 விழுக்காடு மிகக் கடும் பனிப் பற்றாக்குறை அபாயத்தைச் சந்திக்கும் என்று சொல்ல முடிந்தது. ஔலியைப் பற்றி அத்தகைய ஒரு வாக்கியத்தை எழுத விரும்பும் மாணவர் இன்று நாளேட்டுத் துணுக்குகளையும் சுற்றுலாப் பயணிகளின் படங்களையும் புரட்டிக்கொண்டிருக்கிறார். சரிவின் அடியிலும் நடுவிலும் முகட்டிலும் சென்டிமீட்டர் குறித்த மூன்று கம்பங்கள் நட்டு, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் காலை 8 மணிக்கு அளவைப் படித்து, வாரத்துக்கு ஒருமுறை பனியை எடைபோட்டு அடர்த்தியையும் எழுதி, அதை யாரும் பார்க்கும்படி வெளியிட்டால் போதும். அதற்கான ஆட்கள் குளிர்காலம் முழுவதும் அந்தச் சரிவிலேயேதான் இருக்கிறார்கள்: சீருடை அணிந்தவர்களும், பனி வராத நாட்களில் வேலையின்றி வெயில் காய்பவர்களும்.